மேடைக்காரரா, சிலபஸ் டீச்சரா?

பரதம் என்றால் மும்பை மாட்டுங்காவில் கவலையே இல்லை. 1945 முதல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் இருக்கிறது. என் மகள் கேட்டதோ மேற்கத்திய பாலே நடனம். பத்து வயது. விசாரித்ததில் இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் பல வருஷம் வெளிநாட்டு மேடைகளில் ஆடிவிட்டு மும்பை திரும்பியவர். இன்னொருவர் அதிகம் மேடை ஏறாதவர். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் ஆசிரியர் பயிற்சி முடித்தவர். இருவரிடமும் ஒவ்வொரு மாதம் அனுப்பிப் பார்த்தோம்.

மேடைக்காரர் கையைத் தூக்கினாலே அறை அமைதியாகிவிடும். மகள் வீட்டுக்கு வந்தும் அதே கையைத் தூக்கிக்கொண்டு திரிவாள். ஆனால் ஒரு தாவலை மூன்று முறை ஆடிக் காட்டி, "இப்படித்தான், செய்" என்பார். எப்படி என்று பிரித்துச் சொல்ல வராது. அவருக்கு அது உடம்பிலேயே ஊறிப்போன விஷயம். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் 'டர்ன் அவுட்'டில் மகள் பாதத்தை மட்டும் தரையில் தேய்த்துத் திருப்பிவிட்டாள். முட்டி முன்னால் பார்த்தபடியே நின்றது. இரண்டாவது வாரமே முட்டி வலி. "முதலில் வலிக்கத்தான் செய்யும்" என்றார்.

சிலபஸ் டீச்சர் முதல் நாளே தரையில் உட்கார்ந்து அந்த முட்டியில் கை வைத்தார். பாதத்தைப் பாதி அளவுக்கு மூடச் சொன்னார். "தொடை இடுப்பில் சேரும் இடத்திலிருந்து திருப்பு. முட்டி எங்கே பார்க்கிறதோ அங்கே பாதம் பார்த்தால் போதும்." கூட வந்திருந்த என் அம்மா, "பரதத்தில் முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டிக்கு எங்க வாத்தியாரும் இதையேதான் சொல்வார்" என்றார். நுனிவிரலில் நிற்கும் பாயிண்ட் ஷூ எப்போது என்று கேட்டேன். கணுக்கால் பலப்படட்டும், பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு முன்னால் பேச்சே வேண்டாம் என்றார். மேடைக்காரர் ஆறு மாதம் என்றிருந்தார்.

குறையும் உண்டு. வகுப்பு சப்பென்று இருக்கும். கிரேடு, பரீட்சை, மறுபடி கிரேடு. தனி நடனத்துக்குத் தயாராகும் பெரிய பெண்களுக்கு எங்கே மூச்சு விடுவது, கால் வழுக்கினால் எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் மேடைக்காரர்தான் சொல்லித்தர முடியும். அது கோச்சிங், அரிச்சுவடி வேறு வேலை.

பாரிஸ் ஓப்பராவில் நடனக் கலைஞர்களுக்கு 42 வயதில் ஓய்வு. இப்படி ஓய்வு பெறுகிறவர்களில் பலர் அடுத்து வாத்தியார்தான். எல்லோருக்கும் அது கைகூடுமா என்ன? ரஷ்ய பாலே கலைஞர் வாகனோவாவுக்குக் கூடியது. 1916இல் மேடையை விட்டவர். இன்று உலகெங்கும் பலர் படிப்பது அவர் ஆசிரியராக வகுத்த முறையைத்தான். நம் பக்கம் ருக்மிணி தேவிக்குக் கற்றுத்தந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஆடக் கற்றுத்தந்து ஆட்டுவிக்கும் நட்டுவனார். அவர் ஆயுதம் தாளம் தட்டும் தட்டுக்கழி.

சிலபஸ் டீச்சரிடமே சேர்த்துவிட்டோம். முட்டி வலி போய்விட்டது, "போர் அடிக்குது" என்ற புலம்பல் வந்திருக்கிறது. பதினாலு வயதில் அனுப்பலாமா என்று மேடைக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்தார். "அனுப்புங்க. அதுவரைக்கும் அங்கேயே படிக்கட்டும், சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர எனக்குப் பொறுமை கிடையாது."