டவர் ஒலிபெருக்கிகளுக்காகச் செய்வித்த அலமாரி: செந்தூல் வீட்டில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தரையில் நிற்கும் நெடிய டவர் ஒலிபெருக்கிகளைத் தச்சு வேலைக்குள் அடக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பலகையின் நிறத்திலிருந்தும் தொலைக்காட்சியின் அளவிலிருந்தும் தொடங்குகிறார்கள். ஒலிபெருக்கியைச் சுற்றி எவ்வளவு காற்று இருக்கப்போகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் பிற்பாடு காதுக்கு வருத்தம் இருக்காது என்பது என் உறுதியான கருத்து. கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் ஈரடுக்கு வரிசை வீட்டின் வரவேற்பறைக்காக 2022ஆம் ஆண்டு செய்வித்த அலமாரி அன்று முதல் நாள்தோறும் பயன்பாட்டில் இருக்கிறது. 65 அங்குலத் தொலைக்காட்சி, ஒலிபெருக்கிகளை இயக்கும் ஏவி ரிசீவர், ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டி, நடு ஒலிபெருக்கி, இருபுறமும் டவர் ஒலிபெருக்கிகள் என எல்லாமே அதில் இடம்பெற்றுள்ளன. அதன் ஒலி எப்படி இருக்கிறது, நம் ஊர் வெப்பத்தையும் ஈரத்தையும் இடியையும் அது எப்படித் தாங்கியது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

ஒலிபெருக்கிகளைப் பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மாலில் உள்ள ஹைஃபை கடைகளில் நிதானமாகக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றும் 21 செ.மீ. அகலமும் 34 செ.மீ. ஆழமும் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் உயரமும் உடையது. காற்றுத் துளை பின்பக்கம் இருக்கிறது. இந்தக் கடைசி விவரம்தான் அலமாரியின் வடிவத்தையே தீர்மானித்தது. தச்சர் முதலில் வரைந்து காட்டிய படத்தில் தரையிலிருந்து கூரை வரை இரண்டு நெடும்பெட்டிகள், முதுகுப் பலகையோடும் கதவுகளோடும் இருந்தன. பார்வைக்கு அழகான படம் அது. "அண்ணே, முதுகுப் பலகை போட்டால் பின்னால் வருகிற காற்று எங்கே போகும்?" என்று கேட்டேன். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் முதுகும் வேண்டாம், மேல்மூடியும் வேண்டாம் தம்பி. இரண்டு பக்கமும் தூண் மாதிரி நிறுத்திவிடுகிறேன், ஸ்பீக்கர் தரையிலேயே நிற்கட்டும்" என்றார். அப்படியே செய்தோம்.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வூஃபர் எழுப்பும் தாழ்ந்த அதிர்வெண்கள் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், ஒலிபெருக்கியின் உடல் அதற்குத் தடையே இல்லை. சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போக வேண்டிய ஆற்றலும் முன்னால் திரும்பிவிடுவதால், தாழ் அதிர்வெண்களில் ஒலியளவு 6 டெசிபல் வரை கூடக்கூடும். பெரும்பாலான டவர் ஒலிபெருக்கிகள் சுவரிலிருந்து விலகி நிற்கும் என்ற கணக்கிலேயே வடிவமைக்கப்படுகின்றன. அவற்றைப் பெட்டிக்குள் தள்ளும்போது இந்தக் கூடுதல் பேஸ் போதாதென்று, பெட்டிக்குள் அகப்பட்ட காற்றும் தனக்கென்று ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரத் தொடங்குகிறது. ஆண் குரல் எல்லாம் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடுவது இதனால்தான்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய மானிட்டர் ஒலிபெருக்கிகளைச் சுவருக்குள்ளேயே பதிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே ஒலிபெருக்கியின் முன்முகம் சுவரோடு சமமாக நிற்கும், சுற்றிலும் இடைவெளி விடாமல் அடைத்திருப்பார்கள், அதற்கேற்ப பேஸ் அளவையும் மின்னணு முறையில் குறைத்திருப்பார்கள். பின்பக்கத் துளையுள்ள வீட்டு ஒலிபெருக்கிக்கு அந்த முறை பொருந்தாது. முழுமையாகப் பதிப்பதும் சரி, முழுமையாகத் திறந்துவிடுவதும் சரி. பாதி மூடிய மாடம் மட்டும் இரண்டின் கெடுதலையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கும். ஆயத்த அலமாரிகள் பலவற்றில் ஒலிபெருக்கிக்கென்று விட்டிருக்கும் இடம் இந்த வகைதான்.

எங்கள் மாடத்தின் உள்ளகலம் 46 செ.மீ. ஒலிபெருக்கியின் அகலத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் என்பது வீணாகத் தோன்றலாம். ஆனால் கேட்பவரை நோக்கி 15 பாகை திருப்பி வைத்தால் அதே ஒலிபெருக்கி ஏறத்தாழ 29 செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். இருபக்கத் தூண்களின் உட்பரப்பில் ஒலியை உறிஞ்சும் ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சை 5 செ.மீ. தடிமனில் நெருக்கமாக நெய்த துணியில் பொதிந்து பொருத்தியிருக்கிறோம். அந்தத் தடிமன் பேஸை ஒன்றும் செய்யாது. சுமார் 500 ஹெர்ட்சுக்கு மேலுள்ள ஒலிகள் பக்கப் பலகையில் பட்டுத் திரும்பி, பாடகரின் குரல் நிற்கும் இடத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொள்கிறது. அலமாரியின் ஆழம் 50 செ.மீ.; ஒலிபெருக்கியின் முன்முகம் அதைவிட 4 செ.மீ. முன்னால் நிற்கிறது. இந்த 4 செ.மீ. மிகவும் முக்கியம் என்று கருதுகிறேன். உயர்ந்த அதிர்வெண்களை எழுப்பும் ட்வீட்டரின் ஒலி தூணின் விளிம்பில் மோதாமல் வெளிவருவதற்கு அதுதான் வழி. ட்வீட்டர் தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில், சோபாவில் அமர்ந்திருப்பவரின் காதுக்கு நேராக வருகிறது.

இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் 60 பாகைக் கோணத்தில் அமைய வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. எங்கள் சுவரில் ஒலிபெருக்கிகளுக்கு இடையே 2.6 மீட்டர்தான் கிடைத்தது. கோணம் 45 பாகைக்கு அருகில் நிற்கிறது. திரைப்படத்துக்கு இது போதும். இசைக்கு இன்னும் கொஞ்சம் விரிவு இருந்திருக்கலாம் என்று சில பதிவுகளில் தோன்றுவதுண்டு.

ஒலி அளவீட்டுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் யூமிக்-1 ஒலிவாங்கியையும் பயன்படுத்தினேன். அலமாரி நிற்கும் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 4.3 மீட்டர், அதனால் அறையே 40 ஹெர்ட்ஸ் அருகில் உரக்க ஒலிக்கும் என்று கணக்குச் சொல்கிறது, வரைபடமும் அதையே காட்டியது. சோபாவை எதிர்ச்சுவரிலிருந்து இழுத்துப் போட்டதும் அந்த மேடு கண்ணுக்குத் தெரியும் அளவு தணிந்தது. ஒலிபெருக்கியின் முன்முகம் பின்சுவரிலிருந்து 54 செ.மீ. தள்ளி நிற்பதால் 160 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளமும் இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் வருவது அது. பின்சுவரில் 10 செ.மீ. ராக்வூல் வைத்தது அதை ஓரளவு நிரப்பியது, முழுமையாக நிரப்பவில்லை. பின்பக்கக் காற்றுத் துளைக்குள் ஒலிபெருக்கியோடு வந்த நுரை அடைப்பைச் செருகி, 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளதை, பேஸுக்கென்றே தனியாக உள்ள சப்வூஃபரிடம் ஒப்படைத்த பிறகே ஒலி நிலைக்கு வந்தது. இப்போது நாதசுரக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டால் தவிலின் தொப்பியில் குச்சி விழும் அடியும், வலந்தலையில் கூடு மாட்டிய விரல்களின் தட்டும் தனித்தனியாகக் கேட்கின்றன. ஒன்றின் அதிர்வு மற்றொன்றின் மேல் படிவதில்லை. மின்னல் எஃப்எம் செய்தி வாசிப்பவரின் குரல் இயல்பான குரலாகவே வருகிறது. ஓர் அலமாரிக்குள் இருக்கும் ஒலிபெருக்கியைச் சோதிக்க, தெளிவாகப் பேசும் ஓர் ஆண் குரலைவிடச் சிறந்த கருவி இல்லை என்பேன்.

மரவேலை முடிந்ததும் எவரும் தவறாமல் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றைச் சுரத்தை ஓரளவு உரக்க ஒலிக்கவிட்டு, அலமாரியின் ஒவ்வொரு பகுதியிலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் அலமாரியில் கண்ணாடிக் கதவு ஒன்று முனகியது. ஓரத்தில் ஒட்டிய நமுதா என்ற தடித்த கம்பளித் துணி அதை அடக்கியது. இன்னொரு ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நெடுநேரம் ஆயிற்று. நடுத்தட்டில் அம்மா வைத்திருந்த பித்தளைக் குத்துவிளக்குதான் அது. விளக்கின் தண்டு துண்டு துண்டாக மரையிட்டுச் சேர்த்தது. அன்னம் அமர்ந்திருக்கும் மேல்துண்டு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்ததால் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் துடித்தது. விரலால் தொட்டால் நிற்கும், எடுத்தால் மீண்டும் தொடங்கும். மரையை இறுக்கி, அடியில் தடித்த கம்பளித் துண்டு ஒன்றை வைத்தபின் விளக்கு அதே இடத்தில் அமைதியாக நிற்கிறது.

இனி நம் ஊர்த் தட்பவெப்பம். அலமாரியின் உடலுக்கு 18 மி.மீ. பிளைவுட் பயன்படுத்தினோம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஒலிக்கு நல்லதுதான், அடர்த்தியானது, ஒத்ததிர்வு குறைவு; ஆனால் ஓரங்கள் ஈரத்தைக் குடித்தால் உப்பிவிடும், மறுபடி பழைய நிலைக்கு வராது. தரையைக் கழுவித் துடைக்கும் வீட்டில் அடித்தட்டுக்கு அது ஏற்றதே அல்ல. அலமாரி 10 செ.மீ. பிவிசி கால்களில் நிற்கிறது. கறையான் மண்பாதை ஏதும் ஏறுகிறதா என்று குனிந்து பார்க்க அந்த இடைவெளி உதவுகிறது. முதுகுப் பலகை இல்லாததன் எதிர்பாராத நன்மை, சுவரில் பூஞ்சை பிடிக்கவே இல்லை என்பது. குறை சொல்வதென்றால் கீல்களைத்தான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய முலாம் பூசிய கீல்கள் வெகு விரைவில் துருப்பிடித்தன. துருப்பிடிக்காத எஃகுக் கீல்களாக மாற்றிக்கொண்டோம்.

ரிசீவர் இருக்கும் தட்டு மற்றவற்றைவிட அதிகக் கவனம் கேட்கிறது. பகலில் வெளியே 32, 33 பாகை செல்சியஸ் காயும் ஊரில், மூடிய கதவுக்குள் வேலை செய்யும் ரிசீவர் தன் ஆயுளைத் தானே குறைத்துக்கொள்ளும். அடியில் காற்று நுழையப் பிளவுகள், ரிசீவருக்கு மேலே 15 செ.மீ. வெற்றிடம், பின்மேல் மூலையில் மெதுவாகச் சுழலும் 120 மி.மீ. விசிறி, வெப்பம் ஏறினால் அதைத் தானே இயக்கும் ஒரு சிறு சுவிட்ச் என்று அமைத்தோம். ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கும். விசிறியின் சத்தம் சோபா வரை வருவதில்லை. வடிகட்டித் துணியில் தூசு படிவதை மட்டும் அவ்வப்போது தட்ட வேண்டும்.

இடி மின்னல் வேறு வகைத் தொல்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வானம் இருண்டால் செருகியைக் கழற்றிவிடுவதுதான் எங்கள் வழக்கம். மின்னெழுச்சித் தடுப்பான் இருந்தாலும் அதை மட்டுமே நம்புவதில்லை. ஆகவே அந்தச் செருகி கைக்கு எட்ட வேண்டும். நடு அலமாரியின் வலப்பக்கத்தில் காந்தத்தால் பற்றி நிற்கும் சிறு கதவு அதற்கென்றே வைக்கப்பட்டது. அலமாரிக்குப் பின்னால் குழந்தையைப் போல நுழைந்து தேட வேண்டிய அமைப்பில் யாருமே செருகியைக் கழற்ற மாட்டார்கள்.

கம்பிகளைப் பொறுத்தவரை, ஒலிபெருக்கிக் கம்பி 2.5 ச.மி.மீ. செம்பு, இந்தத் தூரத்துக்கு அதற்கு மேல் செலவிடத் தேவையில்லை. தொலைக்காட்சிக்கும் ரிசீவருக்கும் இடையே 50 மி.மீ. பிவிசி குழாயைப் பதித்து, உள்ளே ஓர் இழுகயிற்றை விட்டுவைத்தோம். பின்னர் 48 கிகாபிட் தரமுள்ள எச்டிஎம்ஐ கம்பிக்கு மாறியபோது பலகையில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் பழையதை உருவிப் புதியதைச் செலுத்த முடிந்தது.

கடைசியாக, வரிசை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயம். எங்கள் அலமாரி நிற்பது பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர். ராக்வூல் அந்தப் பக்கம் பேஸ் போவதைத் தடுக்காது. ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்த வலிமை இல்லை. அதனால் சப்வூஃபரை அலமாரிக்குள் வைக்காமல் எதிர்ப்புறம் மாடிப்படிக்கு அருகில், தடித்த ரப்பர் திண்டின் மேல் வைத்திருக்கிறோம். டவர் ஒலிபெருக்கிகளின் ஆணிக்கால்களுக்கும் ஓடு பதித்த தரைக்கும் இடையே கருங்கல் பலகையும் ரப்பரும் உள்ளன. இரவு பத்து மணிக்கு மேல் ரிசீவரின் இரவு முறையை இயக்கினால் வெடிச்சத்தம் தணிந்து வசனம் மேலெழுகிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இன்னமும் அவ்வப்போது கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்வதை வைத்துச் சப்வூஃபரின் அளவை ஒருமுறை குறைத்தேன், அதன்பின் ஏற்றவில்லை. தச்சு வேலைக்கான செலவு ஒலிபெருக்கிகளின் விலையை நெருங்கியது. சொந்த வீட்டில், அடிக்கடி ஒலிபெருக்கியை மாற்றாதவர்களுக்கு அது தகும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தாழ்வான நடு அலமாரி ஒன்றும், இருபுறமும் எதனுள்ளும் அடங்காமல் நிற்கும் டவர் ஒலிபெருக்கிகளுமே நல்லது.