ஒரே ஊரா, ஊருக்கு ஊரா?

பெண்கள் கால்பந்தில் தகுதிச் சுற்றை ஆசியாவும் ஐரோப்பாவும் வேறு வேறு விதமாக நடத்துகின்றன.

2026 ஆசியக் கோப்பைக்கு 34 அணிகள் 8 பிரிவாக மோதின. ஒவ்வொரு பிரிவும் ஒரே நாட்டில், இரண்டே வாரத்தில் முடிந்தது; முதலிடத்துக்கு மட்டுமே வாய்ப்பு. இந்தியாவின் பிரிவு தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன் இந்தியா, தாய்லாந்து இரண்டுக்கும் 9 புள்ளி, 22 கோல். இரண்டும் ஒரு கோல்கூட வாங்கவில்லை! சங்கீதா பாஸ்போரின் இரண்டு கோல்களால் இந்தியா 2-1 என வென்றது. எதிரணியின் சொந்த மண்ணில் அது. தாய்லாந்து இந்தியாவுக்கு வந்து ஆடவே இல்லை.

2025 ஐரோப்பியக் கோப்பைக்கோ சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று என லீக் ஆட்டங்கள் 2024 ஏப்ரல் முதல் ஜூலை வரை நீண்டன. வலுவான அணிகள் ஆடும் மேல்நிலை லீக்கின் ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்கு நேரடி நுழைவு, அந்த லீக்கின் மற்றவர்களுக்கு பிளே-ஆஃப் எனும் கூடுதல் தகுதிச் சுற்று. ஒரு நாள் சறுக்கினாலும் எழுந்துகொள்ளலாம்.

செலவைப் பார்த்தால் ஆசிய முறை சரி. ஆனாலும் என் ஓட்டு ஐரோப்பிய முறைக்குத்தான். நம் பெண்கள் நம் மைதானத்தில் தகுதி பெறுவதை நம் சிறுமிகள் நேரில் பார்க்க வேண்டாமா?