கடலைப்பால் தயிரா, தேங்காய்ப்பால் தயிரா?

மதுரை வெயிலுக்கு தயிர்சாதம் இல்லாம எனக்கு முடியாது, அதனால மாட்டுப்பால் சாப்பிடுறத நிறுத்துனதுக்கப்புறம் ரெண்டையும் மாத்தி மாத்தி உறை ஊத்தி பாத்துட்டேன்.

தேங்காய்ப்பால் தயிர் வாசம் அருமை, ஆனா ஏடு மேல, தண்ணி கீழன்னு பிரிஞ்சிரும், லேசா இனிப்பும் தட்டும், ஊறுகாய்க்கு சேரல.

என் ஓட்டு கடலைக்குத்தான். 1 டம்ளர் வறுக்காத நிலக்கடலைய நைட்டு ஊறப்போட்டு தோல உரிச்சு 3 டம்ளர் தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டி, அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே நல்லா கொதிக்க விடணும், இல்லன்னா பச்சை வாசம் போகாது. வெதுவெதுப்பா ஆறுனதும் பச்சமிளகாய் காம்பு பத்து போட்டு மூடிட்டா நம்மூர் சூட்டுக்கு காலைல உறைஞ்சிருக்கும், அதுல ஒரு ஸ்பூன் எடுத்து வச்சா அடுத்த உறைக்கு ஆச்சு.

தொட்டுக்க மோர்மிளகாய் வேணாம், அதுல மோர் இருக்கு. மாவடு போதும்ங்க!