ஆறு வாரத்துக்கு ஒரு வாக்கர்

அம்மாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருந்தார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. டொராண்டோவிலிருந்து கும்பகோணம் போனதும் அம்மாவை வீட்டுக்குள் நடமாட வைப்பதுதான் எனக்கு முழுநேர வேலை. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியே இருக்கிற பலருக்கும் பயன்படும் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

பொருளுக்குத் தட்டுப்பாடே இல்லை. சர்ஜிக்கல் கடைகளில் வாக்கர், அக்குள் கட்டை, முழங்கைக் கட்டை, வீல்சேர், கமோடு நாற்காலி எல்லாம் விலைக்கும் உண்டு, மாத வாடகைக்கும் உண்டு. அட்வான்ஸ் கட்டினால் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்ட்டும் போன் செய்தால் வீட்டுக்கே வருகிறார். இந்த விஷயத்தில் ஊர் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

அளவு பார்த்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'வாக்கர்' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். என்ன உயரம், எப்படி அடி வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கடையிலிருந்து வந்த உயரத்திலேயே அம்மா தோளைத் தூக்கித் தூக்கி நொண்டிக்கொண்டிருந்தார். கால்வலியோடு தோள்வலியும் சேர்ந்துகொண்டது.

பிசியோ வந்து முதலில் அதைத்தான் சரி செய்தார். நல்ல காலில் செருப்பைப் போட்டு அம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு ரேகைக்கு நேராகக் கைப்பிடி வரும்வரை வாக்கரின் நான்கு கால்களையும் இறக்கினார். இப்போது கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடிந்தது. அப்புறம் வாக்கரைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். கால்களின் அடியில் மாட்டியிருந்த இரண்டு ரப்பர் புஷ் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. ஒன்றில் உள்ளிருந்த அலுமினியக் குழாயின் விளிம்பே வெளியே தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு அம்மா ஈரமான தரையில் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. புது புஷ் அதே கடையில் சொற்ப விலைக்குக் கிடைத்தது.

அடுத்த சிக்கல் வீடு. எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு வாக்கரைவிடக் குறுகல். ஒவ்வொரு அறை வாசலிலும் நிலைப்படி தடுக்கும். கழிப்பறையோ குத்த வைத்து உட்காரும் பழைய வகை. உறவுக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அக்கறையோடு ஒரு 'நீ ஸ்கூட்டர்' (knee scooter) அனுப்பியிருந்தார். முழங்காலை மடித்து அதன்மேல் ஊன்றிக்கொண்டு மறு காலால் தள்ளிப் போகிற வண்டி. டொராண்டோ மால்களில் அதில் வழுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே அதன் சின்னச் சக்கரம் முதல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டது. போதாததற்கு அம்மாவுக்கு மூட்டுவலி. முழங்காலை ஊன்றுவதே முடியாத காரியம்.

நம் வாழ்க்கைக்கு ஏற்றபடி கருவி செய்ய இந்த நாட்டில் ஆளில்லாமல் இல்லை. ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் 1960களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. சம்மணம் போட்டு உட்காரவும், குத்த வைக்கவும், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் தோதாக ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்தது அது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு, எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை 2019இல் கொண்டுவந்தது. ஆனால் இவையெல்லாம் நிரந்தரமாக உடல் இயக்கம் குறைந்தவர்களுக்கானவை. ஆறு வாரமோ மூன்று மாதமோ நொண்டுகிறவர்களைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்திலும் இதே கதைதான். ஆறு மாதமோ அதற்கு மேலோ தேவைப்பட்டால்தான் அரசின் உதவிக் கருவித் திட்டம் பணம் தரும். அம்மா மாதிரியானவர்களுக்கு மிஞ்சுவது வாடகைக் கடை மட்டும். அந்தக் கடையில் அளவு பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும்.

மீதியை உள்ளூர் ஆட்களே தீர்த்து வைத்தார்கள். வெல்டிங் பட்டறைக்காரர், கழிப்பறையின் மேல் வைக்க நடுவில் ஓட்டை விட்ட ஸ்டூல் ஒன்றைச் செய்து, பிடித்து எழ இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துக் கொடுத்தார். கூடத்து நிலைப்படி நான்கு அங்குலம். வீல்சேர் ஏற ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் சரிவு வேண்டும் என்பது கணக்கு. தச்சர் நான்கடிப் பலகையில் அதைச் செய்துவிட்டார். வாக்கரின் முன்காலில் புடவை சிக்கியதால் அம்மா கணுக்காலுக்கு மேலே நிற்கிற நைட்டிக்கு மாறினார். இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது காபி டம்ளரை எப்படி எடுத்துப் போவது? குறுக்குக் கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் கட்டி, அதற்குள் மூடி போட்ட ஃபிளாஸ்க்கை வைத்தோம். அதற்கப்புறம் காபிக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார்கள். பிளேட் வைத்த காலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மறு எக்ஸ்ரே பார்த்துவிட்டு, அந்தக் காலில் கொஞ்சம் கொஞ்சமாக உடல் எடையை ஊன்றலாம் என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு? பிசியோ எடை பார்க்கும் மெஷினை எடுத்துவரச் சொன்னார். நல்ல கால் அதே உயரத்துக்கு அடுக்கிய பலகைமேல், அடிபட்ட கால் மெஷின்மேல், கை வாக்கரில். டாக்டர் சொன்ன கிலோ வரும்வரை அழுத்தி, அந்த அழுத்தம் பழகும்வரை அம்மா திரும்பத் திரும்பச் செய்தார்.

கிளம்புவதற்கு முன் வாடகைக் கடைக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் வாக்கரிலேயே கட்டிவிடுகிறேன் என்றார் கடைக்காரர். எழுதிக் கொடுத்தேன்: கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும். வாங்கும்போதே புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். அக்குள் கட்டை என்றால் அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். எடை கையில்தான் விழ வேண்டும், அக்குளில் விழுந்தால் கை நரம்பு பாதிக்கும். கட்டையோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.