டெல்டாவுக்கு எந்த மாடு: உம்பளச்சேரியா, காங்கேயமா, கலப்பின ஜெர்சியா?

வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்ற கறி மாடு என்றால் எல்லோரும் சொல்வது பிராமன். அமெரிக்காவில் உருவாக்கியது. 1924-லேயே அங்கே அதற்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். ஆனால் ரத்தம் என்னவோ ஓங்கோல், கிர், காங்ரேஜ் என்ற இந்திய மாடுகளுடையதுதான். அந்தத் திமிலும் அலைதாடியும் நம் நாட்டு மாடுகளுக்கும் உண்டு. அதனால் வெயிலைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. டெல்டாவில் வெயிலோடு சேறும் சேர்ந்து வருகிறதே, அதுதான் சிக்கல்.

காங்கேயம் கொங்கு நாட்டுக் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த இனம். காய்ந்த மண்ணில் பாரம் இழுக்க அதை மிஞ்ச ஆளில்லை. அழகும் அதிகம், விலையும் அதிகம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் நம் வயலுக்கு அது வெளியூர்க்காரன்தான்.

உம்பளச்சேரி இந்த மண்ணிலேயே பிறந்தது. நாகை, திருவாரூர்ப் பக்கம் சேற்று வயலில் உழவும் பரம்படிக்கவும் பழக்கிய மாடு. உடம்பு நடுத்தரம், கால் குட்டை, உறுதி. காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவதால் ‘மொட்டை மாடு’ என்றும் பெயர். கடலோர உப்புத் தரைப் புல்லைத் தின்று பிழைக்கும், வைக்கோலுக்கும் முகம் சுளிக்காது. திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் அரசுப் பண்ணையே இதற்காக இருக்கிறது. குறை பால்தான்: நாளைக்கு 2 லிட்டர் கறந்தால் பெரிது. உழவை டிராக்டர் எடுத்துக்கொண்ட பிறகு காளைக்கும் வேலை இல்லை.

சரி, வெளிநாட்டு ஜெர்சியை நம் மாட்டோடு கலந்த கலப்பின ஜெர்சி? நன்றாகத் தீனி போட்டால் 8 லிட்டருக்கு மேல் கறக்கும். பால் சொசைட்டிப் பணத்தில்தான் பல வீடுகளில் அன்றாடச் செலவே ஓடுகிறது. ஆனால் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கும், சினை தள்ளிப்போகும், பசுந்தீவனமும் புண்ணாக்கும் கேட்கும். சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே வயலில் உளுந்து, பயறு தெளித்துவிடுவதால் மேய்ச்சலுக்கும் இடம் குறைவு.

பால் பணத்தை நம்பி இருந்தால் ஜெர்சி, அதுவும் நிழலும் தண்ணீரும் இருந்தால் மட்டும். செலவில்லாமல் இரண்டு மாடு நிற்க வேண்டும், வீட்டுக்குப் பாலும் வயலுக்கு எருவும் போதும் என்றால் உம்பளச்சேரி. காங்கேயத்தை நான் இங்கே சொல்லமாட்டேன்.

அப்புறம், கன்று வாங்கும்போது நிறத்தை வைத்து ஏமாறாதீர்கள். இரண்டு நாட்டு இனமும் செவலையாகப் பிறந்து சில மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் காலில் வெள்ளையும் இருக்கிறதா பாருங்கள், அதுதான் உம்பளச்சேரி.