மேக் மாதிரி மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

ரங்கூனில் கடை, டியூஷன், கோயில் கணக்கு என்று பழைய கம்ப்யூட்டரை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆள் பெயரும் கடைப் பெயரும் சொல்லப் போவதில்லை. வேலை நடந்த விதத்தைச் சொன்னால் மாட்டியவர்களுக்குத் தானாகவே புரியும்.

எனக்குத் தொழில் டைப்செட்டிங். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதிக் கார்டு, கோயில் நோட்டீஸ். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பர்மியம். கடையில் இருப்பது நாலாம் தலைமுறை ஐ5 மெஷின், விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அனுமதிக்காத வயசு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிற்கிறது என்று எல்லாரும் பயமுறுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஃபேஸ்புக்கில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம், பார்த்தால் அசல் ஆப்பிள் மேக், ஒரே நாளில் டெலிவரி.

போன் போட்டேன். தமிழ்ப் பையன். "அண்ணே, நம்ம ஆளுங்ககிட்ட போய் ஏமாத்துவோமா?" என்றான். நான் கேட்காத கேள்விக்கு அவனாகச் சொன்ன பதில் அது. அப்போதே சுதாரித்திருக்கலாம். லினக்ஸ் போட 25,000 கியாட், மேக் தோற்றத்துக்கு லைசென்ஸ் 60,000. மொத்தத்தையும் போன் வழியே கேபேயில் அனுப்பிவிட்டு மெஷினைத் தூக்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 17 சாயங்காலம் திரும்பி வந்தது. பொய் சொல்லக் கூடாது, கண்ணைப் பறித்தது. கீழே வரிசையாக ஐகான்கள், மவுஸ் போகப் போக ஒவ்வொன்றும் பொரி மாதிரி உப்பி எழுந்தது. ஜன்னலுக்கெல்லாம் முனை வளைந்து, இடது மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொட்டு. வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு "புதுசா வாங்கிட்டீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். பையனுக்கு லபெயே (பர்மிய டீ) வரவழைத்துக் கொடுத்தேன். பாஸ்வேர்டை அவனே வைத்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். "நீங்க மறந்தாலும் என்கிட்ட ஒண்ணு இருக்கும் அண்ணே, கவலைப்படாதீங்க."

மறுநாளே வேலை கெட்டது. பர்மியம் முழுக்கக் குழம்பிக் கிடந்தது. நம் 'கெ'யில் ஒற்றைக்கொம்பு முன்னால் நின்றாலும் யூனிகோடில் 'க' முதலிலும் கொம்பு பிறகும்தானே பதிவாகிறது? பர்மிய எழுத்திலும் அப்படி ஒரு கொம்பு உண்டு. பழைய ஸோஜி எழுத்துருவில் அது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, எழுத்துக்கு முன்னால் பதிவாகும். யூனிகோடில் அடித்ததை ஸோஜியில் திறந்தால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 2019 அக்டோபர் 1-லேயே நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது. இவன் ஆறு வருஷம் கழித்து ஸோஜியை முதல் எழுத்துருவாக வைத்துக் கொடுத்திருக்கிறான்.

தமிழ் அதைவிட மோசம். அட்சரத்துக்குப் பதில் வெறும் கட்டம். கேட்டால், "மெஷின் லேசா இருக்கட்டும்னு தேவையில்லாத ஃபான்ட்டை எல்லாம் தூக்கிட்டேன் அண்ணே." தமிழ் டைப்செட்டிங் கடையில் தமிழ் தேவையில்லாததாம்! ஒரு தமிழ் எழுத்துரு செல்போனில் எடுத்த ஒரு போட்டோ அளவுகூட வராது. அந்தக் கட்டங்களுக்கு 'டோஃபு' (சோயாக் கட்டி) என்று பெயர், அது வராமல் இருக்கத்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கே 'நோ டோஃபு' என்பதைச் சுருக்கி 'நோட்டோ' என்று பெயர் வைத்தது என்றெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு பர்மாவில் நோட்டீஸ் அடிக்கிறவன் சந்தையில் டோஃபு வாங்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து வந்து எழுத்துருவைத் திரும்பப் போட்டான். அதற்கு 10,000.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு தேவைப்பட்டிருக்காது. வேலை தெரியாத பையன் என்று விட்டிருப்பேன்.

பொங்கலுக்குக் கடை லீவு. ஜனவரி 16, தைப்பூச நோட்டீஸ் கையில். ராத்திரி எட்டு மணிக்குத்தான் கரன்ட் வந்தது. மெஷினைப் போட்டால் திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் சிவப்பு எழுத்தில் "லைசென்ஸ் முடிந்தது, புதுப்பிக்க அழைக்கவும்" என்று பர்மியத்தில் ஒரு வரி, கீழே அவன் நம்பர். ஐகான்களைக் காணோம், கீழ் வரிசையும் இல்லை. வால்பேப்பரை மாற்றிப் பார்த்தேன், மாறியது. அணைத்துப் போட்டால் மறுபடி அதே கறுப்பு.

போன் செய்தேன். வருஷத்துக்கு 40,000 என்றான். "அந்த டிசைன் நம்மது இல்ல அண்ணே, வெளிநாட்டு கம்பெனிக்கு நாங்க கட்டணும்ல?" கட்டுவதாகச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் படிக்கும் அக்கா மகளைக் கூப்பிட்டேன்.

அவள் வந்ததும் முதலில் திறந்தது 'ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலை. லாகின் செய்ததும் எது எது தானாக ஓட வேண்டும் என்று அதில் இருக்கும். யோக்கியமான பெயர் போட்டு ஒரு வரி, 'சிஸ்டம் ஹெல்பர்'. அது சுட்டிக்காட்டிய கோப்பைத் திறந்தாள். மொத்தமே ஒன்பது வரி. இன்றைய தேதி 20260115-ஐத் தாண்டிவிட்டால் வால்பேப்பரை மாற்று, ஐகானை மறை, கீழ் வரிசையை நிறுத்து. தொண்ணூறு நாள் கணக்குப் போட்டு வைத்த வெடி.

அடுத்து தோற்றம் இருக்கிற இடத்தைக் காட்டினாள். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். அதில் தீம்ஸ் (திரையின் தோற்றம்), ஐகான்ஸ் என்று இரண்டு. தீம்ஸுக்குள் இவன் கடைப் பெயரில் ஒரு ஃபோல்டர். உள்ளே 'இண்டெக்ஸ்' கோப்பைத் திறந்தால் பெயர் என்ற இடத்தில் 'ஒயிட்சர் லைட்' என்று இருக்கிறது. ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றியவனுக்கு உள்ளே மாற்றச் சோம்பல். ஒயிட்சர் என்பது நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய தீம், திறந்த உரிமம். "இந்த மாதிரி திறந்த உரிமப் பொருளைக் காசுக்கு வித்தா தப்பில்ல மாமா, ஆனா காலாவதி ஆகுதுன்னு சொல்றது பச்சைப் பொய்" என்றாள். கீழே இருந்த ஐகான் வரிசை 'பிளாங்க்', அதுவும் இலவசம்.

நான் கொதித்தது இந்த 60,000-க்கு. அவள் முகம் மாறியது வேறு விஷயத்தில். யூசர் பட்டியலில் என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். கூடவே வெளியிலிருந்து மெஷினுக்குள் வருவதற்கான எஸ்எஸ்ஹெச் சர்வர். தீம் உடைந்துவிடும் என்று அப்டேட் மேனேஜரை நிறுத்திவைத்திருக்கிறான். மூன்று மாசமாக ஃபயர்ஃபாக்ஸ்கூட அப்டேட் ஆகவில்லை. அந்த பிரவுசரில்தான் வாடிக்கையாளர்கள் அனுப்பும் அடையாள அட்டை நகல் எல்லாம் இறக்கினேன்.

சட்டை மாற்ற வந்தவன் கல்லாச் சாவியை நகல் எடுத்திருக்கிறான். தீமும் ஐகானும் நம் ஹோம் ஃபோல்டரில் உட்காருவதற்குப் பாஸ்வேர்டே வேண்டாம். லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் 'தீம்ஸ்' ஜன்னலைத் திறந்தால், புதிதாக இறக்கிக்கொள்ள அங்கேயே வழி இருக்கிறது. அலங்காரத்துக்கு என்று ஒருவர் டெப் கோப்பு (நிரலை நிறுவும் கோப்பு) கொடுத்தாலோ, டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலில் ஒரே வரி ஒட்டச் சொல்லி, மெஷின் முழுக்க அதிகாரம் தரும் சூடோ பாஸ்வேர்டு கேட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இது என் கடையில் மட்டும் நடந்ததில்லையாம். 2009 டிசம்பரில் லினக்ஸ் அலங்காரங்களுக்கான க்னோம்-லுக் தளத்தில் அருவி ஸ்கிரீன்சேவர் என்று வந்த டெப் கோப்பு, இறக்கியவர்களின் மெஷினை வைத்து வேறு சர்வரைத் தாக்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கான ஒரு குளோபல் தீம், போட்டவரின் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டது. அதில் கெட்ட எண்ணம்கூட இல்லை, ஸ்கிரிப்ட் பிசகு. பிளாஸ்மாவின் குளோபல் தீம் வெறும் நிறமும் படமும் இல்லை, உள்ளே நிரலும் ஓடும். க்னோம் டெஸ்க்டாப்பின் எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான், முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தையே உடைத்து, கள்ளக் கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு (சிஸ்டத்தை நிறுவும் கோப்பு) இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். அதனால்தான் இறக்கியதும் கோப்பு அசல்தானா என்று காட்டும் செக்சம் எண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவள் பார்த்தாள், நான் டீ போட்டேன்.

துடைத்துப் பார்க்கவே வேண்டாம், முழுசாகப் போடு என்றாள். வேலைக் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மின்ட் 22-ஐப் புதிதாக ஏற்றினோம், பாஸ்வேர்டு எல்லாம் மாற்றினோம். கரன்ட் போவதற்குள் முடிந்தது. தைப்பூச நோட்டீஸ் அவள் லேப்டாப்பில் முடிந்து அச்சுக்குப் போனது. ஆசை விடவில்லை, ஒயிட்சரை நானே இறக்கிப் போட்டுக்கொண்டேன். கால் மணி நேரம், செலவு டேட்டா மட்டும்.

அவனுக்குப் போன் செய்து அந்த ஒன்பது வரியைப் படித்துக் காட்டினேன். "வேற யாராச்சும் பண்ணியிருப்பாங்க அண்ணே" என்று வைத்துவிட்டான். பணம் வரவில்லை. விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

நேற்று நோட்டீஸ் கட்டைக் கொடுக்கக் கோயில் ஆபீஸுக்குப் போனேன். கணக்குப்பிள்ளை மேசையில் அதே உப்பும் ஐகான்கள். மார்கழியில் மாற்றினாராம், ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். ஸ்டார்ட்டப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அதே 'சிஸ்டம் ஹெல்பர்', தேதி மட்டும் மார்ச்சில். நன்கொடையாளர் பட்டியல் முழுக்க அந்த மெஷினில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளோடு பென்டிரைவை எடுத்துக்கொண்டு போகிறேன்.