'எல்லாக் கலங்கலுக்கும் ஒரே பொடி' வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

வீட்டில் வெள்ளை ஒயின் போடுகிறவர்கள் யாராவது ஆன்லைனில் ஒயின் தெளிவிக்கும் பொடி தேடிக்கொண்டிருந்தால், ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடைய 20 லிட்டர் ஒயின் பட்ட பாடு இது.

நுரைப்பு அடங்கி ஆறு வாரம் ஆகியும் ஒயின் அரிசி கழுவின தண்ணீர் மாதிரியே நின்றது. ஒயினின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒரு வாரமாக 0.994-ஐ விட்டு அசையவில்லை. அதாவது ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது, தெளிய வேண்டியதுதான் பாக்கி. பொறுமை இல்லாமல் தேடியதில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 'கனிம மண் வகை, முழுச் சைவம், 24 மணி நேரத்தில் கண்ணாடித் தெளிவு.' கனிம மண் என்றதும் ஒயினைத் தெளிவிக்கப் போடும் களிமண்ணான பெண்டோனைட் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பொட்டலத்தில் அந்தப் பெயர் எங்கும் இல்லை. தயாரித்த தேதி இல்லை. ஐந்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்று மட்டும் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டு எழுதினேன், தொழில் ரகசியம் என்று பதில் வந்தது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கோட்டை விட்டேன். பொடி வெந்நீரில் போட்டதும் கரைந்து, லேசான மஞ்சள் நிறத்தில் தெளிவாக நின்றது. மண் எங்கேயாவது கரையுமா? பெண்டோனைட்டை வெந்நீரில் தூவினால் கட்டி கட்டியாக நிற்கும், அடித்துக் கலக்கி ஒரு நாள் ஊறவிட்டால்தான் உப்பிச் சாம்பல் நிறச் சேறாகும். 'நல்ல தரம் போல' என்று நினைத்துக்கொண்டு நாலு தேக்கரண்டியையும் ஒயின் இருந்த பெரிய கண்ணாடிக் குடுவையில் (கார்பாய்) ஊற்றிக் கலக்கினேன்.

24 மணி நேரம் போனது, நாலு நாளும் போனது. முன்பிருந்த கலங்கலே தேவலை என்று ஆகிவிட்டது. விற்றவரிடம் சொன்னால், "இன்னும் நாலு கரண்டி போடுங்க சார்" என்றார். போட்டேன். (திட்டிக்கொள்ளுங்கள், நானே திட்டிக்கொண்டாயிற்று.) ஒயின் பால் கலந்தது மாதிரி ஆனது. அப்புறம் அவருடைய பேச்சு மாறியது. நான் ஒயின் போட்ட முறையே தப்பாம். பிரித்த பொட்டலத்தைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு டம்ளரால். இரண்டாம் முறை கரைத்ததில் மிச்சம் கொஞ்சத்தைக் குளிர்பெட்டியில் மறந்து வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் கெட்டியாக உறைந்து, தட்டினால் ஆடுகிறது. வெந்நீரில் டம்ளரை நிறுத்தினேன், மறுபடி தண்ணீராக இளகியது. சந்தேகம் தீரக் கரண்டி நுனியில் ஒரு சிட்டிகைப் பொடியை வைத்துத் தீயில் காட்டினேன். கருகிச் சுருண்டு, முடி பொசுங்கின நாற்றம் சமையலறை முழுக்க. மண் அப்படிப் பொசுங்காது. அது ஜெலட்டின். விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம். இந்த ஒயினுக்குத் திராட்சை பிழிந்து கொடுத்த என் மைத்துனர் சுத்த சைவம். அவருக்கு என்னவென்று சொல்வது?

ஜெலட்டின் ஒயினுக்கு ஆகாது என்று சொல்லவில்லை. ஒயினில் அது நேர்மின்னூட்டத்தோடு இருக்கும், திராட்சையின் துவர்ப்புப் பொருளான டானினைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். வெள்ளை ஒயினில் டானின் குறைவு. பிடிக்க ஆளில்லாவிட்டால் ஜெலட்டின் ஒயினிலேயே தங்கி, அதுவே புதுக் கலங்கலாகிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எதிர்மின்னூட்டம் உள்ள கீசல்சாலை (சிலிக்காக் கரைசல்) முதலில் விட்டு, பிறகு ஜெலட்டின் சேர்ப்பார்கள். அதுவும் லிட்டருக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே பெரும்பாலும் தாராளம். நான் இரண்டு தவணையில் கொட்டியது ஏறக்குறைய பத்து மடங்கு. சரியாகச் சொன்னால், பெண்டோனைட்டுக்கான அளவைச் சொல்லி ஜெலட்டினை விற்றிருக்கிறார்கள்.

மீட்டது நிஜமான பெண்டோனைட்தான். இந்தத் தடவை சோடியம் பெண்டோனைட், உணவுத் தரம் என்று பெயரும் தயாரிப்பு எண்ணும் அச்சிட்டிருந்ததைத் தேடி வாங்கினேன். 5 கிராமுக்கு 100 மில்லி வெந்நீர் கணக்கில் ஒரு நாள் ஊறவைத்தேன். நேரே கார்பாயில் ஊற்றாமல், ஐந்து சின்ன பாட்டிலில் ஒயினை எடுத்து, லிட்டருக்கு 0.25 கிராமில் தொடங்கி 1.25 கிராம் வரை ஒவ்வொன்றிலும் ஓர் அளவு. மூன்றாம் நாள் 1 கிராம் பாட்டிலின் கழுத்திலிருந்து பாதி வரை தெளிவு இறங்கியிருந்தது. அதே அளவை மொத்தத்துக்கும் விட்டு, பத்து நாள் கழித்துக் குழாய் வைத்து இறுத்தேன். அடியில் குழகுழவென்று மண்டி, அதில் இரண்டு லிட்டருக்கு மேல் போனது. மிஞ்சியது தெளிவுதான், ஆனால் வாசனை பாதி இல்லை. பெண்டோனைட் புரதத்தோடு மணத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும்.

இது பெக்டின் (பழங்களில் இயல்பாக உள்ள கூழ்ப்பொருள்) கலங்கலாக இருந்திருந்தால் பெண்டோனைட்டும் உதவியிருக்காது, அதற்குப் பெக்டின் நொதி வேண்டும். கண்டுபிடிக்க ஒரு பங்கு ஒயினில் மூன்று நாலு பங்கு எரிசாராயம் கலந்து பாருங்கள், இழை இழையாகத் திரண்டால் பெக்டின். கலந்ததைக் கொட்டிவிடுங்கள், குடித்துவிடாதீர்கள், விஷம். எல்லாக் கலங்கலுக்கும் ஒரே பொடி என்று எவராவது சொன்னால் அவருக்குக் கலங்கலைப் பற்றி ஒன்றும் தெரியாது, இல்லை எல்லாம் தெரிந்தே விற்கிறார்.

போன வாரம் குளிர்பெட்டியைத் துடைக்கும்போது பின்வரிசையில் ஒரு பாட்டில் அகப்பட்டது. அன்றைக்குக் கார்பாயில் கொள்ளாமல் தனியே எடுத்து வைத்தது, எந்தப் பொடியும் படாதது. அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை வண்டல். அதற்கு மேலே இருந்த ஒயின் வழியாகச் செய்தித்தாளின் சின்ன எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது.